அடுப்புக்கு மேல் ஒரு பரண்

எங்கள் மலையில் துணி காய்வதில்லை. கீழே போடிப் பக்கத்தில் இருந்துகொண்டு இதை வாசிக்கும் நீங்கள், மழைக்காலத்தில் எந்த ஊரிலும் அப்படித்தானே என்று நினைப்பீர்கள். அந்தக் கணக்கு இங்கே செல்லாது. ராசிங்காபுரத்தில் என் பிறந்த வீட்டு முள்வேலியின்மேல் விரித்த சேலை, உலையிலிட்ட அரிசி வேகுமுன் மொடமொடவென்று காய்ந்துவிடும். எடுத்து மடிக்கும்போது அதிலிருந்து வெயிலின் மணம் வரும். இங்கே ஆனி மாதத்துத் திங்கட்கிழமை கொடியில் போட்ட துணி, அடுத்த திங்கட்கிழமையும் கொடியில்தான் கிடக்கும். ஈரம் போயிற்றா என்று விரலால் தொட்டு அறியமுடியாது. விரல்களே எந்நேரமும் குளிர்ந்திருக்கும். ஆகையால் மலையிலுள்ள பெண்கள் துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்போம். கன்னம் சில்லென்றால் மறுபடியும் கொடிக்கு. நான் இங்கே வந்து கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான்.

என் கணவர் வீட்டார் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்பவர்கள். மலைமேல் அவர்களுக்கு ஏலத்தோட்டம் உண்டு. தமையனார் கீழே கடையைப் பார்ப்பது, தம்பியான என் கணவர் மேலே தோட்டத்தைப் பார்ப்பது என்பது குடும்ப ஏற்பாடு. குரங்கணி வரை மாட்டுவண்டி, அதன்பின் நடைதான். மலை முகட்டில் ஓர் எல்லைக்கல் உண்டு. அதற்கு இந்தப் பக்கம் இங்கிலீஷ் சர்க்கார் சீமை, அந்தப் பக்கம் திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. ஆறு வயதுச் செல்லம்மாளாக இப்போது என் நினைவில் நிற்கும் என் மூத்த மகளை மூன்று வயதில் இடுப்பில் வைத்துக்கொண்டு, அடுத்தவன் முத்துவை வயிற்றில் சுமந்துகொண்டு, அந்தக் கல்லைத் தாண்டினேன். அங்கே ஒரு வேற்று ராஜ்யம் தொடங்குகிறது என்று எனக்குச் சொன்னார்கள். அங்கே என் பாஷையும் பழக்கமும் மட்டுமல்லாமல், நான் அதுவரை கற்றிருந்த குடித்தனமும் செல்லாது என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

மண்சுவர், ஈற்றை என்னும் மெல்லிய காட்டு மூங்கிலில் பின்னிய தட்டி, புல் வேய்ந்த கூரை. அதுதான் வீடு. விறகு ஈரம். நெருப்பு மூட்டுவதற்கே காலையில் ஒரு நாழிகை போகும். தண்ணீர் ஓடையிலிருந்து, ஓடைக்குப் போனால் காலில் அட்டை ஏறும், பிள்ளைகளை விட்டுப் போகமுடியாது, அழைத்துப் போனால் அவர்கள் கால்களிலும் ஏறும். வீட்டுக்குப் பின்னால் பத்தடியில் பள்ளம். முத்து நடக்கக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து அந்தப் பள்ளத்தைத்தான் நாடினான். மூன்றாவதாகச் சுப்பு பிறந்தபின், அவனைத் தூளியில் போட்டுச் செல்லம்மாளிடம் ஆட்டச் சொல்லி, முத்துவின் இடுப்பில் ஒரு பழஞ்சேலையைக் கட்டி மறுமுனையைத் தூணில் முடிந்து, இந்த இரண்டுக்கும் இடையில் கிடைத்த நேரத்தில் அரைத்தேன், குத்தினேன், துலக்கினேன், துவைத்தேன். ஒன்றை முடித்துத் திரும்பும்போது முன்பு முடித்த ஒன்று மறுபடியும் தொடக்கத்தில் நிற்கும்.

என் தகப்பனார் எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்திருந்தார். ஆகையால் மதராசில் அச்சாகும் மாதர் பத்திரிகைகள் சுமைக்காரர் தலைமேல் எங்கள் தோட்டத்துக்கும் ஏறிவரும். அவற்றில் குடும்பப் பெண்களுக்குப் புத்தி சொல்லும் கனவான்கள், விடியுமுன் எழுந்து இன்ன மணிக்கு வாசல் தெளிப்பது, இன்ன மணிக்குப் பாத்திரம் துலக்குவது என்று ஒழுங்காகப் பட்டியல் போட்டிருப்பார்கள். குழந்தை எந்த மணிக்கு அழலாம் என்பதை மட்டும் ஒருவரும் குறித்ததில்லை. நான் பொறுமைசாலி என்று பெயர் வாங்கியவள். ஆனாலும் அந்தத் தாள்களில் ஒன்றைக் கிழித்து அடுப்பு மூட்டிய நாளில் எனக்கு உண்டான திருப்தியை இங்கே மறைக்கப்போவதில்லை. அந்த வீட்டிலேயே நன்றாகக் காய்ந்திருந்த பொருள் அதுதான்.

துணி காயப்போட அடுப்புக்கு மேல் ஒரு பரண் கட்டித் தரும்படி என் கணவரைக் கேட்டேன். ஓர் ஆவணியில் கேட்டேன். மறு ஆவணியிலும் கேட்டேன். "பறிப்பு முடியட்டும், பாப்போம்" என்றார். அவர் கெட்டவரல்லர். என்னைக் கடிந்து பேசியவருமல்லர். ஏலச்செடியின் வேரடியில் ஒரு புழு தெரிந்தால் முழந்தாளிட்டு உட்கார்ந்துவிடுகிற மனிதருக்கு, தம் வீட்டுக் கொடியில் ஒரு வாரமாக அதே துணி தொங்குவது கண்ணில் படவில்லை.

மூன்றாம் வருஷம் ஆவணியில் தமையனார் முதற்பறிப்பைப் பார்க்க வந்தார். முத்துவுக்கு வயிற்றுப்போக்கு கண்டிருந்த நேரம். கழுவாத பாத்திரம் ஒரு பக்கம், நனைந்த துணி ஒரு பக்கம். வாசலில் நின்றபடியே சொன்னார்:

"தம்பி, இது வீடா, மாட்டுக் கொட்டமா? போடியில உன் மதினி எப்பிடி வச்சிருக்கா வீட்டை! போயிப் பாரு, தரையில சோத்தைப் போட்டுத் திங்கலாம்."

"சின்னப் புள்ளைகளை வச்சுக்கிட்டு அவளும் என்னண்ணே செய்வா" என்றார் என் கணவர், பாதிக் குரலில்.

"அப்ப ஐப்பசியில உன் மதினியையும் கூட்டிட்டு வர்றேன். அன்னைக்கும் வீடு இந்த லெச்சணத்துல கெடந்துச்சுன்னா, பெரிய புள்ளைக ரெண்டையும் கீழ கொண்டு போயிருவோம். குடும்பத்துப் புள்ளைக காட்டுல கெடந்து சீரழியக் கூடாது."

போடி வீட்டை நானும் அறிவேன். கலியாணமான புதிதில் அங்கேதான் இருந்தேன். மாமியார், ஓரகத்தி, வீட்டோடு இருந்த நாத்தனார், வேலைக்கு வரும் இரண்டு பெண்கள். குழந்தை ஒரு மடியிலிருந்து மறு மடிக்குப் போய்க்கொண்டே இருக்கும். பெற்றவள் பால் கொடுக்க மட்டும் தேடப்படுவாள். ஐந்து பெண்கள் காக்கும் அந்த வீட்டின் சுத்தம், "உன் மதினி வச்சிருக்கிற வீடு" என்று ஒருத்தியின் கீர்த்தியாகப் பேசப்பட்டது. ஒருத்தி காக்கும் என் வீட்டின் அழுக்கு என்னுடைய குணமாகப் பேசப்பட்டது. இந்தக் கணக்கில் உள்ள பிழையை ஐந்து வயதுப் பிள்ளையும் விரல்விட்டுக் காட்டிவிடும். வியாபாரத்தில் ஒரு காய் நிறை குறைந்தால் கண்டுபிடிக்கிற என் மூத்த மைத்துனருக்கு அது தெரியவில்லை.

ஆகவே ஐப்பசியை எண்ணி அஞ்சினேன். பிள்ளைகளை இழப்பேனோ என்ற அச்சம் என்னை எங்கே கொண்டுபோய்ச் செருகியது தெரியுமா? சாணத்துக்குள். அவர்கள் வருவதற்கு நான்கு நாள் முன்பு வெள்ளிக்கிழமை. நம் ஊரில் வீடு என்றால் வெள்ளிக்கிழமை சாணம் மெழுகிய தரை. மெழுகாத தரையைப் பார்த்தால் அந்த வீட்டில் பெண் இருக்கிறாளா என்று கேட்பார்கள். மலைக்கு வந்த நாளாக மழைக்காலத்தில் அதைச் செய்ய எனக்குக் கை ஒழிந்ததில்லை. அன்று பொதிமாடுகளின் சாணத்தை வாரிவந்து, மூலை முடுக்கு விடாமல், சுவரோரத்தில் விரல் பதித்து விளிம்பு கட்டி மெழுகினேன். நான் மெழுகிக்கொண்டிருக்கையில் பாருக்குட்டி வந்தாள். அவள் கணவன் மகாராஜாவின் எல்லைச் சாவடியில் சேவகன். தென் திருவிதாங்கூரிலிருந்து வந்தவர்கள். கையில் கொஞ்சம் சேப்பங்கிழங்கோடு வாசலில் நின்றவள், வாயில் கைவைத்தாள்.

"என்டம்மே! எந்தா சேச்சி ஈ செய்யுந்நது? இங்ஙனெ நனைக்கண்டா. நெலம் ஒணங்ஙில்லா, கேட்டோ" என்றாள். நனைக்காதே, தரை காயாது என்று பொருள். பிறகு வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, வேறு பெண்கள் யாரும் இங்கே இல்லையா என்று கேட்டாள்.

சொற்கள் விளங்கின, அவள் மனம் எனக்கு விளங்கவில்லை. சாணம் மெழுகும் வழக்கமற்ற சீமைக்காரி நம் ஆசாரத்தைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று நினைத்தேன். ஒத்தாசைக்கு ஆளில்லாத அநாதை என்று குத்திக் காட்டுகிறாள் என்றும் நினைத்தேன். "எங்க ஊர்ல வீட்டை மெழுகித்தான் வச்சிருப்போம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் கிழங்கை வாசற்படியில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

தரை காயவில்லை. வெள்ளியன்று மெழுகியது சனியன்று சேறாக இருந்தது. ஞாயிறன்றும் கால் வைத்த இடம் குழிந்தது. எட்டு மாதக் குழந்தை அதில்தான் தவழவேண்டும். தூளியில் எத்தனை நேரம் கிடப்பான்? ஞாயிறு மாலை சுப்புவுக்கு இருமல் கண்டது. திங்களன்று மார்பில் கபம் கட்டி, மூச்சு விடும்போது உள்ளே பூனைக்குட்டி கத்துவதுபோல ஒலி கேட்டது. அவனுக்குச் சுற்ற உலர்ந்த துணி வேண்டும். பத்துத் துணிகளையும் ஒவ்வொன்றாகக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். பத்தும் சில்லென்று இருந்தன.

தோட்டத்தில் ஈரமில்லாத இடம் ஒன்றே ஒன்று உண்டு. பறித்த ஏலக்காயை உலர்த்தும் கொட்டகை. காய்க்கு ஈரம் பட்டால் நிறம் போகும் என்று கீழே நெருப்பிட்டு, மேலே தட்டிகளில் காயைப் பரப்பி, ஓயாமல் கனல் காப்பார்கள். அங்கே வேறெதையும் வைக்கக்கூடாது. ஏலக்காய் எந்த வாடையையும் இழுத்துக்கொள்ளும். விதியை அறிந்தேதான் மீறினேன். குழந்தையின் துணிகளை நன்றாக அலசிக் கொண்டுபோய், காய்த் தட்டிகளுக்கு எட்டாத மூலையில் கயிறு கட்டிப் போட்டேன். அரை நாழிகையில் காய்ந்தன. கன்னத்தில் வைத்தபோது வந்த சூட்டில் எனக்கு ராசிங்காபுரம் ஞாபகம் வந்தது. நின்ற இடத்திலேயே அழுதேன். உலர்ந்த துணியில் சுற்றிய அன்று சுப்பு வெகுநாழிகை தூங்கினான். மறுநாளும் கொண்டுபோய்ப் போட்டேன்.

மறுநாள்தான் அவர்களும் வந்தார்கள். ஆண்கள் தோட்டத்தைச் சுற்றப் போனதும் ஓரகத்தி சமையலுக்கு உதவுகிறேன் என்று அடுப்பருகே உட்கார்ந்தாள். ஊதினாள், இருமினாள், கண்ணைக் கசக்கினாள்.

"ஏத்தா, இது வெறகா, வெட்டுன மீனா? ஊத ஊதத் தண்ணியில்ல கொட்டுது!" என்று சிரித்தவள், சட்டென்று சிரிப்பை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். "ஒத்தையில எப்பிடித்தா இந்தப் பாடு படுறே? அங்க எனக்கு அடுப்பு மூட்ட ஒருத்தி, அரைக்க ஒருத்தி. நான் கோலத்தைப் போட்டுட்டு உக்காந்துருவேன். பேரு மட்டும் எனக்கு."

"இதை மச்சான்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா."

"நல்லாச் சொன்னே போ. அவுக காதுல பொம்பளைப் பேச்சு என்னைக்கு ஏறியிருக்கு?"

அவள் அதைச் சொல்லி முடிக்குமுன் வாசலில் சத்தம் கேட்டது. என் மைத்துனர் ஒரு குச்சியின் நுனியில் குழந்தைத் துணியைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். பின்னால் என் கணவர்.

"மூத்திரத் துணியக் கொண்டாந்து காய்க் கொட்டகையில போட்டிருக்கா உன் பொண்டாட்டி! வாடை புடிச்சா போடியில எவன் தொடுவான் இந்தக் காயை? இங்க பாரு, மெழுகுன தரையைப் பாரு, நாத்து நடலாம். இந்தச் சேத்துல புள்ளையத் தவழ விட்டா நெஞ்சு கட்டாம என்ன செய்யும்?"

அந்தச் சேறு யாருக்காக மெழுகப்பட்டது என்று எனக்குத் தெரியும். மெழுகாவிட்டால் எது சொல்லப்பட்டிருக்கும் என்பதும் தெரியும். அதுவரை நான் கணவரின் தமையனாருக்கு எதிரில் நின்று பேசியதில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பேசுவதே எங்கள் வழக்கம். அன்று குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கே வந்தேன்.

"மச்சான், காய்க்கு ஈரம் ஆகாதுன்னு கொட்டகை கட்டி, அணையாம நெருப்பு போட்டு, ஆளு வச்சுப் பாக்குறீக. புள்ளைக்கு மட்டும் ஈரம் ஆகுமா?"

 அவர் தம்பியைப் பார்த்துச் சிரித்தார்.

"கேட்டியா தம்பி? இந்த வீட்டுல வாய் ஒண்ணுதான் காஞ்சு கெடக்கு."

என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மைத்துனரின் சொல் என்னைச் சுட்டது உண்மை. ஆயினும் இத்தனை வருஷம் கழிந்தும் ஆறாமல் இருப்பது அந்த இருவரின் மௌனம். சற்றுமுன் கண் கலங்கியவளுக்கு, "நானும் ஊதிப் பார்த்தேன், எரியவில்லை" என்று சொல்ல நாவெழவில்லை. மைத்துனர் பெரிய பிள்ளைகள் இருவரையும் கிளப்பச் சொல்லி, முத்து என் சேலையைப் பிடித்துக்கொண்டு வீறிட்டபோதுதான், "சின்னவன் தாயை விட்டு இருக்கமாட்டான், விட்டுருங்க" என்று ஒரு சொல் சொன்னாள். ஆகவே செல்லம்மாளை மட்டும் அழைத்துப் போவதென்று முடிவாயிற்று. ஒரு வருஷத்துக்கு என்றார்கள்.

இந்தத் தீர்ப்பின் நேர்த்தியைக் கவனியுங்கள். வீட்டு வேலையை ஒற்றையாளாகச் சமாளிக்கமுடியாமல் தவிக்கும் பெண்ணிடமிருந்து, அவளுக்கு இருந்த ஒரே கை பறிக்கப்பட்டது. தூளி ஆட்டியவள் அவள். முத்து பள்ளத்தை நோக்கி நகர்ந்தால் "ஆத்தா!" என்று கூவியவள் அவள். மறுநாள் காலை சுமைக்காரரின் தோளில் உட்கார்ந்துகொண்டு, போடிக்குப் போகும் சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டே போன குழந்தை, வளைவில் திரும்பிக் கேட்டாள்:

"ஆத்தா, தம்பிக்கு யாரு தூளி ஆட்டுவா?"

 அவளுடைய பெட்டியை நான்தான் அடுக்கினேன். போடித் தறியில் நெய்த சிவப்புப் பாவாடை ஒன்று அவளுக்கு உயிர். அது ஈரமாக இருந்தது. ஈரத்தோடு மடித்து வைத்தால் மற்றவற்றையும் கெடுக்கும் என்று அதை மட்டும் எடுத்து வைத்துவிட்டேன்.

அவர்கள் போன மூன்றாம் நாள் என் கணவர் தோட்டத்துக்குப் போகவில்லை. ஈற்றைக் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் போட்டார். பிளந்தார், சீவினார், பின்னினார். விட்டத்திலிருந்து நான்கு கயிறுகளில் தொங்கவிட்டு, அடுப்புக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில் பரண் கட்டினார். காலையில் ஆரம்பித்தவர் மத்தியானச் சோற்றுக்கு முன் முடித்துவிட்டார்.

"முன்னமே செஞ்சிருக்கணும்" என்றார்.

"அரைநாள் சோலி" என்றேன்.  ஏலக்காய் பரப்பும் தட்டிகள் எத்தனையோ பின்னிய கைகள் அவை. மூன்று வருஷமாக இந்த அரைநாள் அந்தக் கைகளுக்குக் கிடைக்கவில்லை. அது கிடைப்பதற்கு என் மகள் மலையிறங்க வேண்டியிருந்தது. அவர் பரணின் முடிச்சுகளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டு நின்றபோது அவர் தோள் குலுங்கியதைக் கண்டேன். இரக்கம் வந்தது. கோபம் போகவில்லை. இரண்டும் ஒரே மனத்தில் குடியிருக்கும் என்பதை அன்று அறிந்தேன்.

அன்று மாலை பாருக்குட்டி வந்தாள். ஒன்றும் கேட்காமல் சுப்புவை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "நீ சோறு வைக்கு" என்று அடுப்பைக் காட்டினாள். அப்போதுதான் முந்தைய கேள்வி எனக்கு விளங்கிற்று. அவள் பிறந்த வீட்டில் தாயும் தமக்கையரும் ஒரே கூரையின்கீழ் இருப்பார்களாம். நீ வேலை செய்யும்போது பிள்ளையை யார் எடுப்பார்கள் என்றுதான் அவள் கேட்டிருக்கிறாள். மூன்று வருஷத்தில் என்னிடம் அதைக் கேட்ட ஒரே ஜீவன், என் பாஷை பேசாதவள். அவளுக்கு நான் முகத்தைத் திருப்பினேன். சுப்பு பிழைத்ததற்குப் பரணுக்குப் பாதியும் அவளுக்குப் பாதியும் நன்றி சொல்வேன். அதன்பின் மழைக்காலத்தில் நான் தரை மெழுகியதே இல்லை.

மலையேறி வரும் சகோதரிகளே, வந்தவுடன் அடுப்புக்கு மேல் பரண் கேளுங்கள். பறிப்பு முடியட்டும் என்று சொன்னால் சோறு பொங்காதீர்கள். கீழே இருக்கும் பெரியோர்களே, ஒரு வீட்டின் தரையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுமுன், அந்த வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றன என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஒரு வருஷம் என்றது பதினொரு வருஷமாயிற்று. அங்கே பள்ளிக்கூடம் இருக்கிறது என்றார்கள். பிறகு, பெண் பெரியவளாகிவிட்டாள், காட்டுக்கு எதற்கு என்றார்கள். செல்லம்மாள் வருஷத்துக்கு ஒரு முறை, சித்திரையில் வெயிலடிக்கும்போது வந்து பத்து நாள் தங்குவாள். இந்தச் சித்திரையில் வந்தவள், முதல் நாள் காலையிலேயே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கேட்டாள்:

"சாணி எங்கத்தா இருக்கு? பெரியம்மா இந்நேரம் வீடு பூரா மெழுகி முடிச்சிருப்பாக. நீங்க என்ன இப்பிடிப் போட்டு வச்சிருக்கீக?"

தாயை 'நீங்க' என்று அழைக்கவும் அங்கேதான் கற்றிருக்கிறாள். நான் சாணத்தைக் காட்டினேன். மிக அழகாக மெழுகினாள். சுவரோரத்தில் விரல் பதித்து விளிம்பு கட்டினாள். வெயில் காலமாகையால் மத்தியானத்துக்குள் காய்ந்தது. அவள் கைநேர்த்தியைப் பார்த்துப் பெருமைப்படுவதா, அது யார் கற்றுக்கொடுத்தது என்று நொந்துகொள்வதா என்று தெரியாமல் நின்றேன்.

பிறகு பரணைத் தட்டிச் சுத்தம் செய்கிறேன் என்று உரல்மேல் ஏறியவள், மூலையிலிருந்து அந்தச் சிவப்புப் பாவாடையை எடுத்தாள். அவள் போன ஐந்தாம் நாள் அது காய்ந்தது. புதிய பரணில் முதன்முதலாகக் காய்ந்த துணி அது. அன்றிலிருந்து அங்கேயே இருக்கிறது. புகையேறி நிறம் மங்கியிருந்தது. இடுப்பில் வைத்துப் பார்த்தாள், முழங்காலுக்கும் எட்டவில்லை. "மலை வாடை அடிக்குது" என்று மூக்கைச் சுளித்துச் சிரித்தாள். மடித்துப் போடப் போனவள், ஏதோ நினைவில் நின்று, தான் செய்வதைத் தானே அறியாதவளாக அதைத் தூக்கிக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள்.

போடியில் யாரும் அப்படிச் செய்வதில்லை.